இறுகிய நட்டும் பொறுத்த கையும்



வேகத்திற்குப் பெயர்பெற்ற பழைய கார்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவை ஓடிய ஓட்டத்தையே பேசுவர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு நேர்மாறானது. விரைந்தோடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு காரில், அணுவளவும் அசைய மறுக்கும் ஒரு சிறு நட்டைப் பற்றியே பேச விரும்புகின்றேன். சிறு பொருள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்த நட்டை நாம் எவ்வாறு அணுகுகின்றோம் என்பதிலேயே அந்தக் காரின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது.

நான் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் கார் மினி கூப்பர் எஸ். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மினி கார் 1959 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. பந்தயக் கார்களைச் செய்து புகழ்பெற்ற ஜோன் கூப்பரின் முயற்சியால், அச்சிறு கார் 1961 இல் வலுக்கூடிய எஞ்சினைப் பெற்று மினி கூப்பர் ஆயிற்று. 1963 இல் கூப்பர் எஸ் தோன்றியது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மொன்ரி கார்லோ பந்தயத்தில் இக்கார் முதலிடம் பெற்றது. தன்னினும் பன்மடங்கு பெரிய கார்களை மலைப்பாதையிலும் உறைபனியிலும் இது முந்தியது. இவ்வரிசையிற் பெரிதான 1275 சீசீ எஞ்சினின் வலு 76 குதிரைவலு. 1971 ஆம் ஆண்டுடன் பழைய கூப்பர் எஸ் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் அரை நூற்றாண்டைக் கடந்த முதுமகன் எனலாம்.

இந்தக் காரின் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கின்றது. காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் எஸ்.யூ. காபரேற்றர்கள் இரண்டு, எஞ்சினுக்குப் பின்னால், சாரதியின் கால்களுக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரை ஒட்டினாற்போல் அமைந்துள்ளன. காபரேற்றர்களிலிருந்து அக்கலவையை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் அலுமினியக் கிளைக்குழாயைக் கராஜ்களில் இன்லெற் மனிபோல்ட் என்பர். நாம் அதனை உள் மனிபோல்ட் என்போம். எரிந்த புகையை வெளியே கொண்டுசெல்லும் இரும்புக் கிளைக்குழாய் புகை மனிபோல்ட். இவ்வெஞ்சினிலே கலவை உட்புகும் வாயில்கள் இரண்டும், புகை வெளியேறும் வாயில்கள் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆதலின் இரு மனிபோல்ட்களுக்கும் காஸ்கெற் ஒன்றே. சில நட்டுகளின் கீழுள்ள தடித்த வாஷர்கள், ஒரு பாதியால் உள் மனிபோல்டையும் மறு பாதியால் புகை மனிபோல்டையும் ஒருங்கே அழுத்திப் பிடிக்கின்றன. குளிர்ந்த கலவை செல்லும் அலுமினியமும், தீப்போன்ற புகை செல்லும் இரும்பும் ஒரே கூரையின் கீழ் வாழும் இரு குடும்பங்களைப் போல இருக்கின்றன. இடர் பிறக்கும் இடமும் இதுவே.

அந்த நட்டுகள் ஏன் இறுகுகின்றன? நட்டைத் தாங்கி நிற்பது ஸ்டட் என்னும் ஆணி. அது தலையற்றது, இரு முனைகளிலும் புரி வெட்டப்பட்டது, ஒரு முனை எஞ்சினின் வார்ப்பிரும்புத் தலையிற் புதைந்திருப்பது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது சுடுகின்றது, நின்றபின் குளிர்கின்றது. 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலுமினியத் துண்டொன்று 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் நீள்கின்றது. அதே நீளமுள்ள வார்ப்பிரும்போ அதிற் பாதியளவே நீள்கின்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை நீண்டும் சுருங்கியும் இரு உலோகங்களும் ஒன்றையொன்று உராய்கின்றன. இடையிலே ஈரம் புகுகின்றது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களிலே உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கின்றது. இரும்பு துருப்பிடிக்கும்போது அத்துரு, தான் உண்ட இரும்பைவிட இரு மடங்குக்கு மேலான இடத்தைக் கேட்கின்றது. புரிகளுக்கிடையே அவ்வளவு இடம் ஏது? இடமில்லாத இடத்திலே வளர்ந்த துரு, நட்டையும் ஆணியையும் ஒன்றாக்கிவிடுகின்றது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். இந்த நட்டுகளை இறுக்க வேண்டிய அளவு சுமார் 15 இறாத்தல் அடி. அதாவது, ஓரடி நீளமான ஸ்பனரின் நுனியில் ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தொங்கவிட்டால் போதும். அவ்வளவு சிறிய விசையால் இறுக்கப்பட்ட நட்டு, இன்று ஒரு முழு ஆளின் பாரத்திற்கும் அசையவில்லையென்றால், அதனைப் பிடித்திருப்பது அன்று இறுக்கிய கையன்று. இடையிலே வளர்ந்த துருவே. ஆகவே நாம் வெல்லவேண்டியது நட்டை அன்று, துருவை. நட்டை வெல்லப் பலம் போதும். துருவை வெல்ல நேரம் வேண்டும். என் பேச்சின் சாரம் முழுவதும் இவ்வளவே.

இதனை நான் நூலிற் படித்து அறிந்தவனல்லேன். தொழில் பழகிய இளமையிலே, கொழும்பில் ஒரு சிறு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருவர் தம் தந்தையார் வைத்துச் சென்ற கூப்பர் எஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். மகளின் திருமணத்தன்று மணமக்களை அந்தக் காரிலேயே அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவருடைய ஆசை. காபரேற்றர் பக்கத்திலே காற்றுக் கசிவு. புதிய காஸ்கெற் போட்டாற் சரியாகிவிடும். திருமணத்திற்கு ஐந்து நாட்கள் இருந்தன. என் ஆசான் வெளியே சென்றிருந்த வேளை, அவர் திரும்பி வருமுன் வேலையை முடித்துக் காட்டவேண்டும் என்னும் அவா எனக்கு. அசையாத நட்டிலே ஸ்பனரை மாட்டி, அதன் நுனியிலே ஒரு நீர்க்குழாய்த் துண்டைச் செருகி, இரு கைகளாலும் இழுத்தேன். நட்டு திடீரெனச் சுழன்றது. வென்றுவிட்டேன் என்று எண்ணினேன். கையிலே வந்தது நட்டு மட்டுமன்று. பாதி ஆணியும் கூட வந்திருந்தது. மறுபாதி எஞ்சினின் தலைக்குள், தளத்தோடு தளமாக முறிந்து நின்றது.

அதை எடுப்பதற்கு எஞ்சினின் தலையையே கழற்றவேண்டியதாயிற்று. மூன்று வாரங்கள் சென்றன. திருமணம் வாடகைக் காரிலே நடந்தேறியது. காரின் சொந்தக்காரர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அந்த மௌனம் இன்றும் என் செவியிலே ஒலிக்கின்றது. ஆசான் மட்டும், "ஒரு இரவு எண்ணெயில் ஊறவிட்டிருந்தால் நாலு நாள் மிச்சம் இருந்திருக்கும், தம்பி" என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும் பழமொழி அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இனி, அந்த வேலையை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதைக் காண்போம்.

முதல் நாள், எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். பற்றரியின் இணைப்பை அகற்றுங்கள். பெற்றோற் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்து, காபரேற்றர்கள் இரண்டையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். பெற்றோல் இருக்கும் இடத்திலே சூடும் சுடரும் ஆகா என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் மறந்தோர் உளர். பிறகு பிரேக் துணைக்கருவிக்குச் செல்லும் வெற்றிடக் குழாயையும் கழற்றுங்கள். வாயில்கள் திறந்திருந்தால் துணியால் அடைத்து, எத்தனை துணிகள் வைத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும், ஒரு துணி உள்ளே தங்கினாலும் எஞ்சினுக்குக் கேடு.

அடுத்து, ஒரு சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு நட்டுகளை எண்ணுங்கள். கழறாத மனிபோல்ட் என்று வரும் பல கார்களிலே, உண்மையில் இறுகியது ஒன்றுமில்லை. கீழே மறைந்திருந்த ஒரு நட்டைக் கழற்ற மறந்திருப்பார்கள். எண்ணியபின், கம்பித் தூரிகையால் புரிகளிலுள்ள அழுக்கை நீக்கி, ஊடுருவும் எண்ணெயை ஒவ்வொரு நட்டின் அடியிலும் இடுங்கள். சிறு சுத்தியலால் நட்டின் முகத்தில் மெதுவாகப் பலமுறை தட்டுங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். இங்கே நகரவேண்டியது அம்மியன்று. துருவிலே ஒரு மயிரிழை வெடிப்பு உண்டானாற் போதும், எண்ணெய் அவ்வழியே உட்செல்லும். பின்பு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குச் செல்லுங்கள். மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை மீண்டும் எண்ணெய் இடுங்கள்.

இரண்டாம் நாள், ஆறு முகங்களும் நன்கு பொருந்தும் சொக்கற்றை மாட்டி, முதலில் இறுக்கும் திசையிலேயே மிகச் சிறிதளவு அசைத்துப் பாருங்கள். பிறகு தளர்த்தும் திசையில் அசையுங்கள். அசைந்தால், ஒரே மூச்சிற் கழற்றிவிடாது, கால் சுற்றுத் தளர்த்தி, பாதி மீண்டும் இறுக்கி, எண்ணெய் இட்டு, இப்படியே முன்னும் பின்னுமாக வெளிக்கொணருங்கள். அசையாவிட்டால், வழிந்த எண்ணெயை நன்கு துடைத்துவிட்டு, சூடான காற்றை வீசும் கருவியால் நட்டைச் சூடாக்குங்கள். பழைய நட்டுகள் பித்தளையாய் இருந்தால் அது உங்கள் நல்வாய்ப்பு. பித்தளை எஃகைவிட மிகுதியாக விரிவதால், சூட்டில் நட்டு ஆணியின் பிடியைத் தளர்த்தும். சூடான புரியிலே மெழுகுவர்த்தியைத் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுபட்டு வழுக்கலைக் கொடுக்கும். தீச்சுடரை மட்டும் அலுமினியத்தின் மேல் நீட்டாதீர்கள். இரும்பு உருகுமுன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ 660 பாகையிலே, நிறம் மாறிக் காட்டாமலே உருகிவிடும்.

ஸ்பனரைப் பிடித்த கையின் உணர்வுக்குச் செவிசாயுங்கள். நட்டு தளரும்போது ஒரு சிறு வெடிப்பு உணரப்படும். அவ்வாறின்றி, இறப்பரை முறுக்குவதுபோல் மென்மையாக நெகிழ்ந்தால், நட்டுத் தளரவில்லை. ஆணி முறுகுகின்றது என்று அறிந்து உடனே நிறுத்துங்கள். மீண்டும் எண்ணெய், மீண்டும் சூடு, மீண்டும் ஓரிரவு. நட்டு பழுதாவதால் நட்டம் சிறிது. தேவையானால் நட்டை வெட்டிப் பிளந்தும் எடுக்கலாம். ஆணி முறிந்தால் நட்டம் பெரிது. எஞ்சினின் தலை பழுதானாலோ, அதற்கு ஈடு கிடைத்தல் அரிது.

நட்டுகள் யாவும் வந்தபின்னும் மனிபோல்ட் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அப்போது கீழே புகைக்குழாயைப் பிணைக்கும் கவ்வியைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் இருபுறமும் மாறிமாறித் தட்டுங்கள். திருப்புளியை இடையிலே செருகி நெம்பாதீர்கள். மென்மையான அலுமினியத் தளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே காற்றுப் புகும். கலவையிற் பெற்றோல் குறையும். பிஸ்டன் அளவுமீறிச் சூடேறும். சிறு கீறல் பெரும் எஞ்சினைச் சுடும். ஒட்டியிருக்கும் பழைய காஸ்கெற்றைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. அக்காலக் காஸ்கெற்களிற் பல அஸ்பெஸ்டஸ் கலந்தவை. அதன் தூசு நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமலும், காற்றால் ஊதாமலும், நன்கு நனைத்து, முகமூடி அணிந்து எடுங்கள்.

எவ்வளவு பொறுமை காத்தும் ஆணி முறிந்துவிட்டால், மனம் தளரவேண்டாம். நுனி வெளியே நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அச்சூடு ஆறும் வேளையிற் சுழற்றலாம். உள்ளே முறிந்திருந்தால் நடுப்புள்ளியைச் சரியாகக் குறித்துத் துளையிடவேண்டும். முறிந்த ஆணியை எடுக்கவென்று விற்கப்படும் கடினமான எஃகு முறுக்கிகளை ஆத்திரத்தோடு பயன்படுத்தாதீர்கள். அவை உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைக்கருவியால் அவற்றைத் துளைக்க முடியாது. இந்த நிலையில் நல்ல இயந்திரசாலை ஒன்றை நாடுதல் தோல்வியன்று, அறிவுடைமை.

மீண்டும் பூட்டும்போது புதிய ஆணிகளையும் பித்தளை நட்டுகளையும் இடுங்கள். புரிகளிலே செப்புப் பொடி கலந்த கிறீசைச் சிறிதளவு பூசுங்கள். கிறீசு பூசிய புரி எளிதிற் சுழலுமாதலால், அளவுக்கு மேல் இறுகாதபடி கையைச் சற்று அடக்குங்கள். நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறிமாறி இறுக்குங்கள். எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள். கசிவை அறிய, ஒரு இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மனிபோல்ட் ஓரமாக நகர்த்தினால், சீறும் ஒலி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுழலும் விசிறியில் ஆடையும் கையும் படாதிருக்கட்டும்.

2020 மார்ச் மாதம் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி மாதமே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளிலே பழைய வாகனத்தின் அருமையை நாம் எல்லோரும் உணர்ந்தோம். இருப்பதைக் காத்தல் என்பது பணமில்லாதவன் செய்யும் வேலை என்னும் எண்ணம் மாறியது. அது கைத்திறன் உடையவன் செய்யும் வேலை.

இன்று உங்கள் கராஜிலே ஓர் இளைஞன் ஸ்பனரின் நுனியிலே குழாய்த் துண்டைச் செருகுவதைக் கண்டால், அவன் தோளைத் தொட்டு நிறுத்துங்கள். அவன் கையில் எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்து, "நாளைக்குப் பார்ப்போம், தம்பி" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அன்று என் செவியில் விழுந்திருந்தால், ஒரு மணமகள் தன் பாட்டனாரின் காரிலே சென்றிருப்பாள்.