இலங்கை வழியாக வந்த பாமாயில்

(தென்னை விவசாயிகள் ஆர்ப்பாட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பக்கத்து நாட்டோட வியாபாரமே கூடாதுங்கறீங்களா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். நாம் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. என்ன சரக்கு, யாரைக் கேட்டு உள்ளே வருது? அதைத்தான் கேட்கிறோம்.

இந்தியா - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இலங்கைப் பொருளுக்கு வரிச்சலுகை. சரி, எது இலங்கைப் பொருள்? பொதுவிதிப்படி 35 சதவீத மதிப்பு அங்கே கூடியிருக்க வேண்டும். இந்த ஓட்டையில்தான் புகுந்தார்கள். மலேசியா, இந்தோனேசியா பாமாயில் இலங்கைக்குப் போனது; அங்கே வனஸ்பதி ஆனது; வரியில்லாமல் இந்தியாவுக்குள் இறங்கியது. அந்த ஆலைகளை அங்கே போய்க் கட்டியவர்களில் நம்ம நாட்டு முதலாளிகளும் உண்டு! இலங்கை விவசாயி விளைவித்தது அதில் என்ன இருந்தது? அவர் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. கடைசியில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். அதற்குள் அடிபட்டவன் யாரு? எண்ணெய் வித்து போட்டவன்தானே.

அடுத்தது ஆசியான் ஒப்பந்தம். 2009-ல் கையெழுத்து, 2010 ஜனவரியில் அமல். ஒரு உண்மையை நாம் மறைக்கக் கூடாது. கச்சா பாமாயில் வரியை 2008 ஏப்ரலிலேயே மத்திய அரசு தானாகவே எடுத்துவிட்டது. ஒப்பந்தம் செய்த வேலை வேறு. பிறகு ஏற்ற நினைத்தாலும் ஏற்ற முடியாதபடி கையைக் கட்டிப் போட்டது. 2018-ல் வரியை 44 சதவீதமாக ஏற்றினார்கள். நிலைத்ததா? 2019-ல் 40, 2020 ஜனவரியில் 37.5. ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த உச்சம் அதுதான். தேங்காய் விலை விழும்போது வரியை ஏற்றுங்கன்னு மனு கொடுக்கிறோமே, அந்த மனு எங்கே போய் முட்டுதுன்னு இப்ப புரியுதா?

அரசியல் சட்டத்தைப் பாருங்க. மாநிலப் பட்டியலில் 14-வது இனம் விவசாயம். மத்தியப் பட்டியலில் அதே 14-வது இனம் வெளிநாட்டு ஒப்பந்தம். சட்டமன்றத்தைக் கேட்காமலே நம்ம தோப்புக்கு டெல்லி கையெழுத்துப் போடலாம்!

2019 நவம்பரில் பாங்காக்கில் ஆர்சிஇபி ஒப்பந்தத்தில் சேர இந்தியா மறுத்தது. பால்காரரும் விவசாயியும் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் மறுத்திருக்குமா?

நம் கோரிக்கை: விவசாய விளைபொருள் உள்ள எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் வரைவு தமிழில் வர வேண்டும், சட்டமன்றத்தில் விவாதிக்க வேண்டும். சரக்கு எங்கே விளைந்தது என்பதைத் துறைமுகத்திலேயே சோதிக்க வேண்டும். கலெக்டரிடம் கொடுக்கும் மனு பந்தல் வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.