விளையாட்டுலகின் நாணயம்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். கைத்தொலைபேசி விளையாட்டுகளிலே வழங்கும் பொற்காசையும் வைரத்தையும் பற்றி வாலிபர் சங்க மேடையில் பேசவும் வேண்டுமா என்று பெரியோர் சிலர் புன்னகை புரிவதைக் காண்கின்றோம். ஆயினும் கல்முனைக் கடைத்தெருவில், மாலை வேளையில், ஒரு தொலைபேசிக் கடையருகே கால்மணி நேரம் நின்று பாருங்கள். றீலோட் போட வரும் பையன்களில் எத்தனை பேர் பேசுவதற்காகப் போடுகின்றனர், எத்தனை பேர் 'ஃபிரீ ஃபயர்' வைரத்திற்காகப் போடுகின்றனர் என்பது அப்போது விளங்கும். அப்பணத்தில் ஒரு பகுதி கட்டாரிலும் குவைத்திலும் வெயிலில் நின்று உழைக்கும் தந்தையரும் தமையன்மாரும் அனுப்பிய பணம். அது எங்கே போகின்றது, போன இடத்தில் என்னவாகின்றது என்று விசாரிப்பது வீண்பேச்சன்று.

விளையாட்டிலே உள்ள பொருளாதாரம் வெறும் கற்பனை என்று எண்ணிவிடக்கூடாது. எட்வர்ட் காஸ்ட்ரொனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 2001ஆம் ஆண்டில் 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டின் உலகத்தை ஒரு தேசமாகவே பாவித்துக் கணக்கெடுத்தார். விளையாடுவோர் தம் விளையாட்டு உடைமைகளை வெளியே மெய்யான டொலருக்கு விற்றுவந்த விலைகளே அவருக்கு ஆதாரம். இல்லாத அந்த நாட்டின் தலைக்குரிய ஆண்டு உற்பத்தி 2,266 டொலர் என்றும், அது ரஷியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை என்றும் அவர் எழுதினார். சிரித்தவர்களும் அதன்பின் அவரைப் படிக்கத் தொடங்கினர்.

அந்த உலகங்களிலே காசு எப்படிப் பிறக்கின்றது? நம்மவர்க்கு இதை விளக்கக் குளத்தைவிட நல்ல உவமானம் இல்லை. சேனநாயக்க சமுத்திரத்துக்கு மழைநீர் வருகின்றது. மதகு வழியே வயலுக்குப் போகின்றது. வரத்தும் போக்கும் ஒத்திருந்தால் வேளாண்மை நடக்கும். விளையாட்டிலே ஓர் அரக்கனைக் கொன்றால் 10 காசு கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசு எவருடைய மடியிலிருந்தும் வந்ததன்று. அந்தக் கணத்திலே சூனியத்திலிருந்து பிறந்தது. (மிஷன் பாடசாலையில் எமக்குக் கணக்குப்பதிவு கற்பித்த ஆசிரியர் இதைக் கேட்டால் பிரம்பை எடுத்திருப்பார்.) இலட்சம் பேர் இரவு பகலாக அரக்கர்களைக் கொன்றால் காசு வெள்ளமாகப் பெருகும், நேற்று 100 காசு விற்ற வாள் இன்று 1,000 காசாகும். ஆதலால் காசை விழுங்குவதற்கும் வழி அமைக்கவேண்டும். வாள் தேயும், பழுது பார்க்கக் கூலி; சந்தையில் விற்றால் அதற்கு வரி; குதிரை வாங்கினால் பெரும் பணம். இப்படிப் போன காசு ஒருவருக்கும் சேராமல் மறைந்துபோகும். இந்த மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் வேண்டுமென்றே 'ஈவ் ஒன்லைன்' விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்துக் கம்பெனி 2007ஆம் ஆண்டில் ஒரு பொருளியலாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது.

2022ஆம் ஆண்டை அனுபவித்த நமக்கு இதை அதிகம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குச் சென்றதையும், அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியதையும் பாண் வாங்கப்போன ஒவ்வொருவரும் அறிவர். ஆனால் ஒரு பேதத்தைக் கவனிக்கவேண்டும். நாட்டிலே நாணயம் வெளியிடுவது மத்திய வங்கி. பொருள் விற்பவர் வியாபாரி. வழக்குத் தீர்ப்பவர் நீதவான். சட்டம் செய்வது பாராளுமன்றம். ஒருவர் பிழைவிட்டால் மற்றவரிடம் முறையிடலாம், குறைந்தபட்சம் தெருவில் நின்று கத்தலாம். விளையாட்டுலகில் இந்த நால்வரும் ஒருவரே. அந்த ஒருவர் விளையாட்டை உண்டாக்கிய கம்பெனி. இதுவே நாம் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை.

'அக்சி இன்பினிற்றி' என்ற விளையாட்டின் கதையைக் கேளுங்கள். வியட்நாமிலுள்ள ஸ்கை மேவிஸ் கம்பெனி அதை நடத்துகின்றது. கொரோனாக் காலத்திலே வேலையிழந்த பிலிப்பைன்ஸ் மக்கள் பல்லாயிரவர் அதை ஒரு தொழிலாகவே மேற்கொண்டனர். அப்போது விளையாடுவதற்கு மூன்று சின்னஞ்சிறு பிராணிகளை வாங்கவேண்டியிருந்தது. 2021இல் அவற்றின் விலை பல நூறு டொலருக்கு ஏறிவிட்டது. ஏழைகளுக்கு அவ்வளவு பணம் ஏது? பணமுள்ளவர் பிராணிகளை வாங்கி ஏழைக்குக் கொடுப்பார். ஏழை நாள்முழுதும் விளையாடுவான். கிடைத்ததை இருவரும் பங்கிடுவர். போடியார் காணியை வாரத்துக்குக் கொடுப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. அவர்கள் இதற்கு இட்ட பெயர் 'புலமைப்பரிசில்'! ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

விளையாடி வென்றால் எஸ்.எல்.பி. என்னும் காசு கிடைத்தது. அதை வெளியே விற்று மெய்ப்பணமாக்க முடிந்தது. ஆனால் அந்தக் காசை விழுங்கிய முக்கியமான மதகு ஒன்றே. புதிய பிராணியை இனப்பெருக்கம் செய்விக்க அது செலவாயிற்று. புதிய பிராணி யாருக்கு வேண்டும்? புதிதாக விளையாட வருபவனுக்கே. ஆட்கள் வந்துகொண்டிருக்கும்வரை காசுக்கு மதிப்பிருந்தது. வரவு தளர்ந்ததும் மதகு அடைபட்டது, வரத்து மட்டும் நிற்கவில்லை. 2021 யூலையில் 30 அமெரிக்க சதத்துக்கு மேல் விற்ற அந்தக் காசு 2022 நடுப்பகுதியில் ஒரு சதத்துக்கும் கீழே விழுந்தது. இடையில், 2022 மார்ச்சில், அதன் கருவூலத்தை உடைத்து 60 கோடி டொலருக்கு மேற்பட்ட செல்வத்தைக் கொள்ளையிட்டதும் நடந்தது. கள்வர் வடகொரியர் என்று அமெரிக்கப் புலனாய்வுத்துறை பின்னர் அறிவித்தது. ஆனால் கள்வர் வராதிருந்தாலும் அந்தக் குளம் உடைந்தே இருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

இனி உடைமையைப் பற்றி ஒரு வார்த்தை. மருதமுனையில் ஒரு கைத்தறிச் சாரம் வாங்கினால் அது நம்முடையது. உடுக்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், கிழிந்தபின் துடைக்கும் துணியாக்கலாம். நெய்தவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காகச் சாரம் நம் இடுப்பிலிருந்து மறைந்துபோவதில்லை. விளையாட்டிலே வாங்கும் சட்டையும் துப்பாக்கியும் அப்படியல்ல. பணம் கொடுத்து நாம் பெறுவது பொருளையன்று, பாவிக்கும் அனுமதியை மட்டுமே. 'எஃப்1 டெல்ரா ரைம்' என்ற பந்தய விளையாட்டிலே 2019ஆம் ஆண்டில் ஒரு கார் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2022 மார்ச்சில் அந்த விளையாட்டே மூடப்பட்டது. வேறு விளையாட்டுகளில் பாவிக்கத்தக்க சில பொருள்களை ஈடாகக் கொடுத்தனர். ஆனால் அந்தக் கார் ஓடுவதற்கு ஒரு வீதி இல்லாது போயிற்று.

வைரம் என்ற பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விளையாடிப் பெறும் தங்கம் வேறு, பணம் கொடுத்துப் பெறும் வைரம் வேறு. ரூபாயை வைரமாக மாற்றியபின் பையன் ரூபாயை மறந்துவிடுகின்றான். 300 வைரம் என்பது அம்மாவின் சந்தைக் காசில் எவ்வளவு என்று அவன் மனக்கணக்குப் போடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளோ அதிர்ஷ்டலாபச் சீட்டுக்குச் சகோதரமானவை. பெல்ஜியம் அவற்றை 2018இலேயே சூதாட்டம் என்று தீர்மானித்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளர், பொத்தான்களை ஏமாற்றும் விதத்தில் அமைத்து வேண்டாத பொருளுக்கும் பணம் பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டில், 24.5 கோடி டொலரைத் திருப்பிக் கொடுக்க 2022 டிசெம்பரில் உடன்பட்டனர். அங்கே கேட்பதற்கு ஓர் அரசாங்க ஆணைக்குழு இருந்தது.

இறுதியாக, நம் ஊர்ப் பையன்களிடையே பரவியிருக்கும் 'ஐடி விற்பனை'. நன்றாக விளையாடி, சட்டைகளும் துப்பாக்கிகளும் சேர்த்த கணக்கைச் சில ஆயிரம் ரூபாய்க்கு இன்னொருவனுக்கு விற்கின்றனர். வாங்குபவன் இரகசியச் சொல்லைப் பெற்றுக்கொண்டு மகிழ்ந்துபோகின்றான். ஆனால் அக்கணக்கு விற்றவனுடைய முகநூலோடோ கூகுளோடோ பிணைக்கப்பட்டிருக்கும். அவன் விரும்பினால் ஒரு மாதம் கழித்து இரகசியச் சொல்லை மாற்றி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியிடம் முறையிட்டால், கணக்கை விற்பதும் வாங்குவதும் எமது விதிக்கு விரோதம் என்று சொல்லி அதையே மூடிவிடக்கூடும். பொலிசில் சொல்லவோ பையனுக்கு நாணம். வீட்டில் சொல்லவோ பயம். இந்த மண்டபத்தில் இருப்போரில் எவரேனும் அப்படி ஒரு கணக்கை வாங்கியிருந்தால், வீட்டுக்குப் போனதும் அது எவருடைய பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதென்று பார்த்துக்கொள்ளட்டும். பார்க்கத் தெரியாதவர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் வரலாம், வாசலருகே நிற்போம்.