கோப்பைக்கு முன்னாடி ஒரு சர்டிபிகேட்

பின்னாடி காத்து சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இந்த எபிசோடை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல, செண்பகத்தோப்புல உட்கார்ந்து பதிவு பண்றேன். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். சாம்பல் நிற அணில் சரணாலயம் இங்கதான். பளியர் மக்களோட குடியிருப்பும் இருக்கு.

காலையில பசங்ககூட கிரிக்கெட் ஆடினேன். பதிமூணு வயசுத் தம்பி ஒருத்தன் என்னை மூணு தடவை போல்டு ஆக்கிட்டான். "டோர்னமென்ட் எதுக்காவது போனியாடா?"ன்னு கேட்டேன். "பேர் கொடுக்கப் போனேண்ணே. பிறந்த சர்டிபிகேட் கேட்டாங்க. இல்ல. வந்துட்டேன்"னான்.

இன்னைக்குப் பேச வந்ததே இதைத்தான். விளையாட்டு மூலமா சமூக முன்னேற்றம்னு உலகம் பூரா திட்டங்கள் நடக்குது. ஒழுக்கம், தன்னம்பிக்கை, குழு உணர்வு வரும்னு சொல்வாங்க. சரிதான். ஆனா அதுல யாரும் அதிகம் பேசாத ஒரு பலன் இருக்கு. போட்டிக்குன்னு ஒரு தேதி இருக்கும்.

சென்னை தண்டையார்பேட்டையில கருணாலயான்னு ஒரு அமைப்பு, தெருவோரப் பிள்ளைகளுக்காக வேலை செய்யுது. ஸ்ட்ரீட் சைல்டு யுனைடெட்ங்கிற பிரிட்டிஷ் அமைப்பு 2010-ல டர்பன்ல தெருவோரப் பிள்ளைகளுக்கு உலகக் கோப்பை கால்பந்து நடத்துச்சு. 2019 மே மாசம் இங்கிலாந்துல கிரிக்கெட். ஆண், பெண் பிள்ளைகள் கலந்த அணிகள். லார்ட்ஸ்ல நடந்த இறுதிப் போட்டியில, கருணாலயா பிள்ளைகளும் இருந்த தென்னிந்திய அணி இங்கிலாந்தை ஜெயிச்சது.

கோப்பை செய்தி எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின கட்டத்தை யோசிங்க. விமானம் ஏற பாஸ்போர்ட் வேணும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி, முகவரி ரெண்டுக்கும் ஆதாரம் வேணும். நடைபாதையில வளர்ற பிள்ளை என்ன முகவரி எழுதும்? பிறப்பைப் பதியாம ஒரு வருஷம் தாண்டிட்டா, 1969-ம் வருஷச் சட்டப்படி மேல இருந்து உத்தரவு வாங்கணும். அன்றாடக் கூலிக்குப் போற அம்மா அப்பாவால எத்தனை நாள் அலைய முடியும்?

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். ரிலீஸ் தேதி குறிக்காத வேலை பட்டியல்லயே கிடக்கும். போட்டித் தேதி வந்துட்டா அமைப்பும் பெற்றோரும் அலுவலகமும் ஓடியே ஆகணும். ஆட்டம் முடிஞ்ச பிறகும் அந்தக் காகிதம் பிள்ளை கையில இருக்கும். 2023 செப்டம்பர்ல இந்தப் போட்டி சென்னைக்கே வந்துச்சு. இதுல ஆட்டத்தோட சேர்த்து, பிள்ளைகளே தங்கள் உரிமைகள் பத்திப் பேசற கூட்டமும் உண்டு. அடையாள ஆவணம் அதுல ஒரு முக்கியக் கோரிக்கை.

ஒரு சிக்கலும் இருக்கு. அணிக்குத் தேர்வாகிறது சில பேர்தான். அவங்களுக்கு மட்டும் காகிதம் கிடைச்சா மத்த பிள்ளைகள் பழையபடியே நிப்பாங்க. பயிற்சிக்கு வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆவணம் சரிபார்த்தாத்தான் அது முன்னேற்றம்.

அதனால ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் டோர்னமென்ட் நடத்துற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். மூணு மாசம் முன்னாடியே தேதி சொல்லுங்க. சர்டிபிகேட் இல்லாம வர்ற பிள்ளையைத் திருப்பி அனுப்பாம, பேரை எழுதி வச்சுக்கோங்க. உங்க குழுவுல ஒருத்தர் அந்தக் குடும்பத்தோட அலுவலகத்துக்குப் போகட்டும். பளியர் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றும் வேணும். அதைக் கொடுக்கிறவர் வருவாய்க் கோட்டாட்சியர். உதவித்தொகைக்கும் மேல்படிப்புக்கும் அதுதான் ஆதாரம்.

அந்தத் தம்பியோட அம்மாகிட்டப் பேசினேன். அவன் ஆஸ்பத்திரியில பிறந்தவனாம். அப்போ பதிவு இருக்க வாய்ப்பு இருக்கு. பேர் இல்லாமப் பதிவாகியிருந்தா, 15 வருஷத்துக்குள்ள பேர் சேர்த்துக்கலாம். அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. திங்கட்கிழமை மூணு பேரும் போறோம். என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.