எத்தனை பேரில் எத்தனை பேர்?

(2021 செப்டம்பர் 26, ஞாயிறு காலை, பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்பாக 'பி' பிளாக் வாகன நிறுத்துமிடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று ஜூம் வழியாகக்கூட வர முடியாதவர்களுக்காக இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)

நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டிருப்பதால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் குரல் எட்டாமல் போகலாம். எட்டாவிட்டால் கையைத் தூக்குங்கள்.

நான் மருத்துவர் இல்லை. எண்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எந்த மாத்திரை, எந்த ஸ்கேன் என்பதைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. தினமும் மாலை நம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் கொரோனா எண்ணிக்கையை எப்படிப் படிப்பது, அதை வைத்து நம் கேட்டில் என்ன விதி போடுவது என்பதை மட்டும் பேசுகிறேன். இன்றைய நிகழ்ச்சி நிரலில் 4ஆவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. அதில் கை தூக்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பாதிப்பு எண்ணிக்கை

தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7 அன்று. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு. அதன் பிறகு கோயம்பேடு சந்தை. 2020 மே மூன்றாவது வாரத்தில் மாநிலத்தில் நாளொன்றுக்கு 700 பேரை ஒட்டித் தொற்று பதிவானது. அப்போது நாம் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். பால் பாக்கெட்டைக்கூட சோப்புத் தண்ணீரில் கழுவினோம். இன்றைக்கு நாளொன்றுக்கு 1,700. நாமோ கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணை மட்டும் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த 700 பேர் கிடைத்தது சுமார் 12 ஆயிரம் பரிசோதனைகளில். அதாவது நூற்றுக்கு ஆறு. இன்றைக்கு 1,700 பேர் கிடைப்பது சுமார் ஒன்றரை லட்சம் பரிசோதனைகளில். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது; விகிதமோ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இந்த விகிதம் ஏறும்போதுதான் கவலைப்பட வேண்டும். இந்த ஆண்டு மே 21 அன்று மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்று பரிசோதித்த நூறு பேரில் இருபது பேருக்கு மேல் நோய் இருந்தது. விகிதம் அந்த அளவில் இருந்தால் பரிசோதனைக்கே வராமல் வீட்டில் படுத்திருப்பவர்கள் நிறையப் பேர் என்று அர்த்தம்.

ஆகவே முதல் கேள்வி: எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேரில் என்றும் கேளுங்கள். சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையிலேயே பரிசோதனை எண்ணிக்கையும் இருக்கிறது. நம் குழுவில் பகிரும்போது அதுதான் வெட்டுப்பட்டுப் போகிறது.

இரண்டாவது கேள்வி: எந்த ஊர்? நம் குழுவில் வருவது சென்னை எண்ணிக்கை. நாம் இருப்பது மேடவாக்கம், செங்கல்பட்டு மாவட்டம். வருகிற அக்டோபரில் ஊராட்சித் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போகிறவர்கள் நாம். ஆனால் நோய் என்று வந்தால் மாநகராட்சிக் கணக்கைப் பார்த்துத் தைரியப்படுகிறோம், அல்லது பயப்படுகிறோம். மாவட்டத்துக்கு மாவட்டம் நிலைமை மாறும். மே 12ஐ ஒட்டிச் சென்னையில் ஒரே நாளில் 7,500 பேருக்கு மேல் என்று உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்தது. அது இறங்கிக்கொண்டிருந்தபோதே கோவையில் ஏறியது. மே கடைசி வாரத்தில் கோவை சென்னையை முந்திவிட்டது. சென்னை எண்ணைப் பார்த்து, "அப்பாடா, முடிந்தது" என்று கோவைக்குக் குழந்தைகளை அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

மூன்றாவது கேள்வி: எந்த நாள்? இன்று அறிவிக்கும் தொற்று ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் தொற்றியது. உயிரிழப்பு அதற்கும் பின்னால் வரும். மே 21இல் தொற்று உச்சம் தொட்டது. ஒரு நாள் உயிரிழப்பு 490ஐத் தாண்டியது மே 30ஐ ஒட்டி. இந்த இடைவெளி தெரியாதவர்கள்தான் "தொற்று குறைகிறது என்கிறார்கள், சாவு கூடுகிறதே, பொய்க் கணக்கு" என்று எழுதினார்கள். கணக்கில் விடுபடல்களும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஜூலையில் விடுபட்டிருந்த 444 உயிரிழப்புகளை அரசே பின்னர் சேர்த்தது. ஆனால் தாமதம் வேறு, விடுபடல் வேறு.

தடுப்பூசி

ஜனவரி 16இல் சுகாதாரப் பணியாளர்களோடு தொடங்கி, மார்ச்சில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஏப்ரலில் 45க்கு மேல், மே முதல் 18க்கு மேல் என்று படிப்படியாக வந்தது. மே மாதம் ஊசி கிடைக்காமல் அலைந்தோம். இன்று நிலைமை மாறிவிட்டது. செப்டம்பர் 12இல் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். இன்றும் முகாம் நாள்தான். கூட்டம் முடிந்ததும் நேராகப் போகலாம்.

மாநிலத்தில் இதுவரை போட்டது 4 கோடி தவணையைத் தாண்டிவிட்டது. பெரிய எண்தான். ஆனால் எத்தனையில்? 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் சுமார் 6 கோடி. ஆளுக்கு 2 தவணை என்றால் 12 கோடி. ஆக, மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்திருக்கிறோம். முதல் தவணை பாதிப் பேரைத் தாண்டியிருக்கிறது. 2ஆம் தவணை ஐந்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை.

"தடுப்பூசி போட்டவர்களும் சாகிறார்களே" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத் தமிழ்நாடு காவல் துறையிலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாம் அலையின்போது, ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, 1,17,524 காவலர்களைப் பற்றி எடுத்தது. ஐசிஎம்ஆரின் சென்னை நிறுவனத்தார் அதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் இறந்தவர்கள் 31 பேர். அவர்களில் 11 பேர் தடுப்பூசி போட்டவர்கள். இதோடு நிறுத்தினால், "பார்த்தீர்களா, மூன்றில் ஒருவர் ஊசி போட்டவர்" என்று ஒரு செய்தி தயார்.

இப்போது எத்தனை பேரில் என்று கேட்போம். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், இறந்தது 20. ஒரு தவணை போட்டவர்கள் 32,792 பேர், இறந்தது 7. இரண்டும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தது 4. பத்தாயிரம் பேருக்கு என்று வகுத்தால், போடாதவர்களில் சுமார் 12, ஒன்று போட்டவர்களில் 2, இரண்டும் போட்டவர்களில் ஒன்றுக்கும் குறைவு. அதே 31 மரணம்தான். வகுத்த பிறகு அது சொல்லும் கதையே வேறு.

வேலூர் சிஎம்சி தன் ஊழியர்களைப் பற்றி எடுத்த கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது. இரு தவணையும் போட்டவர்களுக்கு மருத்துவமனையில் சேரும் ஆபத்து 77 சதவீதம் குறைந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 94 சதவீதம் குறைந்தது. தொற்றுவது குறைந்தது 65 சதவீதம். கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஊசி நம்மை ஐசியுவிலிருந்து காப்பாற்றும் அளவுக்குத் தொற்றிலிருந்து காப்பாற்றுவதில்லை. அதனால் இரண்டு தவணை போட்ட நாமும் லிஃப்டில் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது.

பயணம்

போன ஆண்டு இ-பாஸ். செப்டம்பரில் மாவட்டங்களுக்கு இடையே அதை எடுத்தார்கள். இந்த ஆண்டு மே 17 முதல் இ-பதிவு. ஜூன் 21 முதல் மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அதில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரத்தோடு நம் செங்கல்பட்டும் தளர்வு அதிகமான வகையில் இருந்தது. ஜூலை 5 முதல் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே விதி. இப்போது மாநிலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 5 முதல் தனி விதி: 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று, அல்லது 2 தவணை போட்டு 14 நாள் ஆன சான்று. வாளையாறிலும் களியக்காவிளையிலும் கேட்கிறார்கள். பாலக்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய் வரும் குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன. கைபேசியில் சான்றிதழை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஜூன்–ஜூலையில் எடுத்த ஐசிஎம்ஆர் ஆய்வில் தமிழ்நாட்டில் 69 சதவீதம் பேரிடம் எதிர்ப்பணு இருந்தது, கேரளத்தில் 44 சதவீதம் பேரிடம்தான். அதாவது அங்கே இன்னும் தொற்றாதவர்கள் அதிகம். நமக்குள்ளேயும் அப்படித்தான். மாநில அரசின் ஆய்வில் விருதுநகரில் 84 சதவீதம், ஈரோட்டில் 37. ஒரே மாநிலம், இரண்டு நிலைமை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23இல் நின்றவைதான். சில நாடுகளோடு தனி ஏற்பாட்டில் மட்டும் ஓடுகின்றன. கோவாக்சினுக்கு உலக சுகாதார அமைப்பின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. கோவிஷீல்டைப் பிரிட்டன் இந்த வாரம் ஏற்றுக்கொண்டது, ஆனால் நம் சான்றிதழை இன்னும் ஏற்கவில்லை. டிக்கெட் போடும் அன்றும், புறப்படும் முந்தைய நாளும் விதியைப் பாருங்கள். கோவின் தளத்தில் சான்றிதழோடு பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

நம் கேட்

இனி அந்த 4ஆவது தீர்மானம். அக்டோபர் 1 முதல், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், ஓட்டுநர்கள், ஹவுஸ்கீப்பிங் பணியாளர்கள் அனைவரும் 2 தவணைச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் அனுமதி இல்லை என்கிறது. குடியிருப்பவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இதை எழுதியவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். கோவிஷீல்டுக்கு இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது 84 நாள். ஜூலை 10 அன்று முதல் ஊசி போட்ட ஒரு பெண்ணுக்கு அக்டோபர் 2 அன்றுதான் அடுத்தது. இம்மாதம் 12ஆம் தேதி முகாமில் போட்டவருக்கு டிசம்பர் 5. நாம் சொன்னதைக் கேட்டு, நம் கேட்டுக்கு எதிரிலேயே வரிசையில் நின்று போட்டுக்கொண்டவர் அவர். அரசாங்கமே போடாத ஊசிக்கு அவரிடம் சான்றிதழ் கேட்டு, இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்துவது நியாயமா?

அடுத்தது, நோய் யார் வழியாக வருகிறது? அவர் காலையில் ஒரு தெருவிலிருந்து வந்து மாலையில் அதே தெருவுக்குப் போகிறார். நாம் விமானத்தில் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம், அலுவலகம் போகிறோம், நம் பிள்ளைகள் இம்மாதம் முதல் பள்ளிக்குப் போகிறார்கள். விதி என்றால் இரு பக்கமும் இருக்க வேண்டும். நம் செயற்குழு எடுத்த பட்டியலைப் பாருங்கள்: 2ஆம் தவணை நாள் வந்தும் போடாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் இங்கே குடியிருக்கும் 70 வயது கடந்தவர்கள். முட்டி வலி, யார் கூட்டிப் போவது, சர்க்கரை இருக்கிறதே என்று தள்ளிப் போடுகிறவர்கள். ஊசி யாரை முதலில் காப்பாற்ற வேண்டுமோ அவர்கள்.

அதனால் தீர்மானத்தை இப்படி மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. குடியிருப்பவர், பணியாளர் எல்லோருக்கும் ஒரே விதி: முதல் தவணை போட்டிருக்க வேண்டும், இரண்டாவதை அதற்குரிய நாளில் போட வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு விலக்கு.

2. கோவினில் ஒரு கைபேசி எண்ணில் 4 பேரைப் பதியலாம். கைபேசி இல்லாத பணியாளர்களை அவர்கள் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் பதிந்து, சான்றிதழை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும்.

3. ஊசி போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் படுத்திருக்கட்டும்.

4. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ முகாமுக்கோ கூட்டிப் போக, பிளாக்குக்கு இருவர் காரோடு பொறுப்பேற்க வேண்டும்.

5. வெளிமாநிலம், வெளிநாடு போய் வருகிறவர்கள் ஒரு வாரம் ஜிம், கிளப் ஹவுஸ் பக்கம் வர வேண்டாம். காய்ச்சல், இருமல் என்றால் பரிசோதனை. முடிவு வரும்வரை வீட்டுக்கு யாரையும் வேலைக்கு அழைக்கக் கூடாது.

6. குழுவில் தினமும் எண் போடுவதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை, செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏழு நாள் சராசரியும் மாநிலத்தின் பரிசோதனை விகிதமும் மட்டும் போடலாம். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் ஐந்தரை வாரம் இருக்கிறது. இன்று பட்டியலில் நிலுவையாக உள்ள பெரியவர்கள் இந்த வாரமே போட்டுக்கொண்டால், பேரப்பிள்ளைகள் வந்து சேரும்போது உடம்பு தயாராக இருக்கும். பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கை தூக்குங்கள்.