வித்தினுள் உறங்கும் உயிர்



ஐப்பசி மழையை எதிர்நோக்கியிருக்கும் கமக்காரன் ஒருவனுடைய களஞ்சியத்தில் இரண்டு மூடை விதைநெல் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று வெயிலில் நன்கு உலர்த்திக் கட்டப்பட்டது. மற்றையது ஈரம் உலருமுன்னரே கட்டப்பட்டு, உள்ளே வெப்பமேறிக் கிடந்தது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பிடி அள்ளிப் பார்த்தால், கண்ணுக்கு வேற்றுமை எதுவும் புலப்படாதிருக்கலாம். எனினும் ஒன்று உயிருள்ளது, மற்றையது உயிரிழந்தது. உயிரிழந்த நெல்லை விதைத்தவனுக்கு உழவும் வீண், மழையும் வீண். பெரும்போகம் முழுவதுமே வீணாகும். ஆகவே, ‘இஃது உயிருள்ளதா, உயிரற்றதா?’ என்பது பரீட்சைத் தாளில் மட்டும் எழும் வினாவன்று.

விஞ்ஞானம் கற்கத் தொடங்கும் மாணவர், உயிருள்ளவற்றின் இயல்புகள் ஏழெனப் படிக்கின்றனர். போசணை, சுவாசம், கழிவகற்றல், அசைவு, உறுத்துணர்ச்சி, வளர்ச்சி, இனப்பெருக்கம் என்பன அவை. உறுத்துணர்ச்சியாவது சூழலில் நிகழும் மாற்றத்தை உணர்ந்து அதற்கேற்ப இயங்குதல். தொட்டாற்சுருங்கியின் இலை தொட்டவுடன் மடிவதும், சாளரத்தருகே வைத்த செடி ஒளியை நோக்கி வளைவதும் இதற்கு உதாரணங்கள். இவ்வேழையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவர் பலர். ஒரு பொருளை முன்னே வைத்து அவற்றைக் கொண்டு சோதித்தறிவோர் சிலரே.

விளக்குச் சுடரை எடுத்துக்கொள்வோம். அஃது எண்ணெயை உண்கின்றது. காற்றிலுள்ள ஒட்சிசனைப் பெற்றுக் காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெளிவிடுகின்றது. அசைகின்றது, காற்றுப் பட்டால் வளைகின்றது, திரியைத் தூண்டினால் வளர்கின்றது, வேறொரு விளக்கை ஏற்றித் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்குகின்றது. ஏழு இயல்புகளும் இருப்பனபோல் தோன்றுகின்றன. அவ்வாறாயின் சுடர் உயிருள்ளதா?

அன்று. ஏனெனில் சுடர் தான் உண்ட எண்ணெயைக் கொண்டு தனக்கென ஓர் உடலைக் கட்டுவதில்லை. நெற்பயிரோ நீரையும் காபனீரொட்சைட்டையும் மண்ணின் உப்புக்களையும் பெற்று, ஒளித்தொகுப்பினால் உணவாக்கி, அவ்வுணவைத் தன் வேராகவும் இலையாகவும் மணியாகவும் மாற்றிக்கொள்கின்றது. அது கலங்களால் ஆனது. அதன் வளர்ச்சி, கலங்கள் பெருகுவதால் உள்ளிருந்து நிகழும் வளர்ச்சி. பாகினுள் தொங்கவிட்ட நூலிற் படியும் கற்கண்டும் பெருக்கின்றதே எனின், அது வெளியிலிருந்து படிந்து பெருப்பதாகும். மேலும், மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து தேங்காயெண்ணெய் விளக்கை ஏற்றினால், புதிய சுடர் தாய்ச் சுடரிடமிருந்து யாதொரு குணத்தையும் பெறுவதில்லை. எரியும் எண்ணெய்க்கும் திரிக்கும் ஏற்பவே எரிகின்றது. நெல்லோ வன்னியில் விதைப்பினும் மட்டக்களப்பில் விதைப்பினும் நெல்லாகவே முளைக்கும். தன் இனத்தின் குணத்தைக் கலத்தினுள்ளே ஏந்திச் செல்லுதல் உயிருக்கே உரியது.

இனி, ஓர் இயல்பு காணப்படாமையாலும் உயிரில்லையென்று துணிதல் ஆகாது. கோவேறு கழுதை பெரும்பாலும் ஈனுவதில்லை. அதனால் அஃது உயிரற்றதாகிவிடுமா?

ஓர் அடையாளத்தை மட்டும் பற்றிக்கொண்டு முடிவுகூறும் இடர் அறிஞர்க்கும் நேர்வதுண்டு. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வைக்கிங் விண்ணோடங்கள் இரண்டு செவ்வாய்க் கோளில் இறங்கின. அங்குள்ள மண்ணில் ஊட்டக் கரைசல் சிறிது ஊற்றப்பட்டது. மண்ணில் நுண்ணங்கிகள் இருப்பின் அவை அதனை உண்டு வாயுவை வெளிவிடும் என்பது எதிர்பார்ப்பு. வாயுவும் வெளிவந்தது! ஆயின், அதே விண்ணோடங்களில் இருந்த வேறொரு கருவி, உயிர்களின் உடலை ஆக்கும் காபன் சேர்வைகள் அம்மண்ணில் உள்ளனவா என்று தேடியபோது, செவ்வாய்க்குரியன என்று அன்று கொள்ளத்தக்கவை எவையும் அகப்படவில்லை. மண்ணின் இரசாயனத் தாக்கமே வாயுவுக்குக் காரணம் என்று அறிஞருட் பெரும்பாலார் கருதினர். வேறுவிதமாக வாதிட்டோரும் உளர். ஓர் அடையாளம் ஐயத்தை எழுப்பலாம். அது தனித்து நின்று தீர்ப்பளிக்கமாட்டாது.

இப்பொழுது விதைநெல்லுக்குத் திரும்புவோம். உலர்ந்த நெல்மணி அசைவதில்லை, வளர்வதில்லை, உண்பதாகவும் தெரியவில்லை. ஆயினும் அதனுள்ளே ஒரு முளையம் இருக்கின்றது. அதற்கென உணவும் சேமிக்கப்பட்டிருக்கின்றது. அதன் உயிர்த்தொழில்கள் மிக மிக மெதுவாக நடைபெறுகின்றன. நீர் பட்டதும் அவை விரைவடைகின்றன.

இதனைப் பாடசாலையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பயறு இரண்டு பிடி எடுத்து ஓரிரவு ஊறவைத்தல் வேண்டும். ஒரு பிடியை அவித்து ஆறவிடுதல் வேண்டும். மற்றையதை அவ்வாறே விட்டுவிடலாம். விதையின் தோலில் இருக்கும் நுண்ணங்கிகளும் சுவாசித்து வெப்பந்தருமாதலால், இரண்டு பங்கையும் தொற்றுநீக்கி கலந்த நீரிற் கழுவுதல் அவசியம். பின்னர் அவற்றை இரண்டு வெப்பக் குடுவைகளில் வெவ்வேறாக இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சினால் அடைத்துவிடல் வேண்டும். இரண்டு மூன்று நாட்களில், முளைக்கும் பயறுள்ள குடுவையின் வெப்பநிலை உயர்ந்திருக்கும். அவித்த பயறுள்ளதில் அவ்வுயர்வு இராது. சுவாசத்தினால் உணவு உடைந்து வெளிவந்த சத்தியின் ஒரு பகுதியே அவ்வெப்பம். அவித்த பயறு எதற்கு என்று மாணவர் கேட்டல் வேண்டும். அஃது இல்லையேல், வெப்பம் உயிரினால் வந்ததா, வெறும் விதையினால் வந்ததா என்று எவராலும் கூறமுடியாது. ஒப்பிட ஒன்றில்லாத பரிசோதனை, எதிர்க்கட்சியைக் கேளாத வழக்குப் போன்றது.

இப்பரிசோதனை கமக்காரனின் மூடைக்கும் விளக்கந் தருகின்றது. ஈரநெல் விரைவாகச் சுவாசிக்கின்றது. அதனோடு பூஞ்சணமும் பெருகுகின்றது. மூடை சூடேற, முளையம் தன் உணவை வீணே செலவிட்டு நலிகின்றது. விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது, ஓர் எல்லைக்குள், விதைபேணுவோர் கைக்கொள்ளும் விதி. இதனாலேயே விதைநெல்லை நூற்றுக்கு 13 பங்கு அல்லது அதனினும் குறைந்த ஈரப்பதனுக்கு உலர்த்தி வைக்கின்றனர். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில், நம் நாட்டுப் பயிரினங்களின் வித்துக்களை உலர்த்திக் குளிரிற் பேணும் நிலையமொன்று இயங்குவதும் இதனடிப்படையிலேயே.

உலர்ந்த வித்து எத்துணைக் காலம் உறங்கவல்லது என்பதற்கு ஒரு சான்று. இசுரவேலில் மசாடா என்னும் பழங்கோட்டையை 1960களில் அகழ்ந்தபோது ஈச்சை இனமாகிய பேரீந்தின் வித்துக்கள் சில கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையான அவற்றுள் ஒன்று, 2005ஆம் ஆண்டில் நடப்பட்டபோது முளைத்தது. அந்நெடுங்காலம் முழுவதும் அவ்வித்தைக் கையிலெடுத்த எவரும் அதனை உயிருள்ளதென்று கூறியிருக்கமாட்டார்.

கமக்காரனிடம் வெப்பமானியில்லை. ஆயினும் அவனுக்கு எளிதான வழியொன்றுண்டு. மூடையின் மேலும் நடுவிலும் அடியிலுமாக நூறு மணிகளை எடுத்து, நனைத்த துணியிற் சுற்றி வைத்து, ஈரம் காயாமற் பார்த்து, ஒரு கிழமை கழித்து முளைத்தவற்றை எண்ணுவதே அது. தொண்ணூறு முளைத்தால் துணிந்து விதைக்கலாம். நாற்பதே முளைத்தால் விதைப்புக்கு முன்னரே வேறு விதை தேடலாம்.

மாணவர்களே, வீட்டிலுள்ள விதைநெல்லிலோ பயறிலோ நூறு மணிகளை இன்றே எண்ணியெடுத்து நனைத்து வையுங்கள். நாள்தோறும் முளைத்தவற்றின் தொகையைக் கொப்பியிற் குறித்துவாருங்கள். முளையாதவற்றையும் எறிந்துவிடாது, அவை ஏன் முளைக்கவில்லையென்று உங்கள் ஆசிரியரோடு ஆராயுங்கள். ஏழு இயல்புகளின் பெயர்களை அதன்பின் மனனஞ்செய்ய வேண்டிய தேவை இராது.