கீழ் டிவிஷனில் ஒரு ஃபார்வர்டு



பட்டமளிப்பு விழா மேடைகளில் உச்சிக்குப் போனவர்களின் கதையைத்தான் சொல்வது வழக்கம். நான் உச்சிக்குப் போகாத ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தால் தெருவுக்கு ஒருவராவது அப்படி இருப்பார். சென்னை ஃபுட்பால் லீக்கில் நான்காவது டிவிஷனில் தொடங்கி, மூன்றாவது, இரண்டாவது என்று ஏறி, வாய்த்தால் ஓரிரு சீசன் மேல் டிவிஷனிலும் ஆடிவிட்டு, மறுபடி இறங்கி வந்து, முப்பது சொச்சம் வயதில் பூட்ஸைக் கழற்றிய ஃபார்வர்டு. நானும் அந்த வரிசையில் ஆடியவன்தான். பிறகு விசிலை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டேன். அந்த மனிதருடைய வாழ்க்கையை ஒரு முழு வாழ்க்கையாகவே பாருங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

அவருடைய நாள் எப்படிப் போகும்? விடியுமுன் பயிற்சி. அதை முடித்துவிட்டு ஹார்பரில் ஷிப்டு, கன்டெய்னர் யார்டில் கணக்கு, காசிமேட்டில் மீன் ஏலம், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. லீக் மேட்ச் பெரும்பாலும் வார நாளில், பிற்பகலில் இருக்கும். அதற்கு லீவு கேட்க வேண்டும், கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்காவது செவன்ஸ் டோர்னமென்ட் நடக்கும். ‘கெஸ்ட்’ ஆடக் கூப்பிடுவார்கள். பெட்ரோல் காசு, மதியம் பிரியாணி, கோல் போட்டால் கவரில் கொஞ்சம் கூடுதல். ஒரே வருஷத்தில் மூன்று ஊருக்கு, மூன்று நிறச் சட்டை போட்டு ஆடியவர்கள் உண்டு. அதை யாரும் துரோகமாக நினைக்கவில்லை. அது அவர்கள் பிழைப்பு.

ஃபார்வர்டு என்ற வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கோல் போடுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். 90 நிமிட ஆட்டத்தில் அவர் காலில் பந்து இருப்பது 2, 3 நிமிடம்கூட இராது. மிச்ச நேரமெல்லாம் பந்தில்லாமல் ஓடுகிறார். டிஃபெண்டரின் கண்ணுக்குப் படாத தோள் பக்கமாக நகர்வார், ஆஃப்சைட் கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்று காத்திருப்பார், முதல் போஸ்ட்டை நோக்கிப் பாய்ந்து ஒரு டிஃபெண்டரைக் கூடவே இழுத்துக்கொண்டு போவார். அவர் விட்டுப்போன இடத்தில் இன்னொருத்தர் வந்து கோல் போடுவார். உலகத்தின் பெரிய லீக்குகளிலேயே ஏறக்குறைய பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான் விழுகிறது. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் கட்டாந்தரையில் கணக்கு இன்னும் மோசம். அத்தனை தடவை தப்பவிட்ட பிறகும் அடுத்த பந்துக்கு ஓடத் தெரிய வேண்டும். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளிடம் முதலில் பார்ப்பது இதைத்தான். கால் வேகத்தை அப்புறம் வளர்த்துக்கொள்ளலாம்.

தரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு முதல் கிரவுண்ட் கடற்கரை மணல்தான். அந்த மணல் எங்கே போனது? இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களின் பின்பாதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரையைக் கடல் அரித்தது. இன்று எண்ணூர் போகிற வழியெல்லாம் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவில் மாலை நேரத்தில் பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அது எங்கள் மணல் என்று எனக்குத் தோன்றும். கடற்கரை போனது, காலி மனைகள் கிடங்குகளாயின, எண்ணூரின் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றைச் சுவாசித்த நெஞ்சோடுதான் இங்கிருந்து ஆட்டக்காரர்கள் வருகிறார்கள்.

முன்பெல்லாம் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. சென்னை லீக்கை நடத்தியதே அலுவலகங்கள்தான் என்று சொல்லலாம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், துறைமுகம் என்று எல்லோரிடமும் டீம் இருந்தது. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் கிரவுண்டுக்குப் போகலாம். ஆட்டம் முடிந்த பிறகும் மேசை காத்திருக்கும், கடைசியில் பென்ஷன் வரும். சையத் சபீர் பாஷாவைப் பாருங்கள். சென்னைக்காரர், ஃபார்வர்டு, இந்தியாவுக்காக ஆடியவர். பெரும்பாலான ஆண்டுகள் இந்தியன் வங்கிச் சட்டையில்தான் இருந்தார். பிறகு பயிற்சியாளரானார். 2022 பிப்ரவரியில் சென்னையின் எஃப்.சி. தலைமைப் பயிற்சியாளரை நீக்கியபோது இடைக்காலத்துக்குப் பொறுப்பேற்றவர் அவர்தான். வங்கி கொடுத்த நிலையான தரை இல்லாமல் அந்தப் பயணம் இவ்வளவு நீண்டிருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இன்னொரு வழி ஊர் ஊராகப் போவது. தமிழ்நாட்டு ஃபார்வர்டு ராமன் விஜயன் அந்த வழியில் போனவர். 1997-98 தேசிய ஃபுட்பால் லீக்கில் 10 கோல் போட்டு, நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். அப்போது அவர் ஆடிய எஃப்.சி. கொச்சின் அந்த ஆண்டுதான் பெரிய கனவுகளோடு தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்க முடியாமல் இழுத்து மூடிவிட்டார்கள். மஹிந்திரா யுனைடெட் 2010இல் போனது, ஜே.சி.டி. 2011இல் போனது. நம் சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. 2021-22 சீசனில் அந்த லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. இந்த நாட்டில் ஆட்டக்காரன் கிளப்பை விட்டுப் போவதைவிட, கிளப் ஆட்டக்காரனை விட்டுப் போவதுதான் அதிகம்.

இங்கிலாந்தில் ரிக்கி லாம்பர்ட் என்று ஒரு ஃபார்வர்டு இருந்தார். கிளப் கிடைக்காத காலத்தில் பீட்ரூட் ஊறுகாய் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கீழ் டிவிஷன்களில் ஐந்தாறு கிளப் மாறி, 2013 ஆகஸ்டில், 31 வயதில், வெம்பிளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டை போட்டு இறங்கினார். அவர் தொட்ட முதல் பந்தே கோல். அது உண்மையாகவே நடந்தது, எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அப்படி நடந்தால்தான் அந்தப் பத்து வருஷத்துக்கும் மதிப்பு என்று சொல்லுகிறவர்களை நான் ஏற்க மாட்டேன்.

ஏனென்று வியாசர்பாடியைப் பார்த்தால் தெரியும். இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். முல்லை நகர் கிரவுண்டில் ஆடிய பிள்ளைகள் இருவர். ஒருவர் தனபால் கணேஷ். 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். சில நாளில் பெங்களூருவில் சென்னையின் எஃப்.சி. கோப்பையை வென்றது. அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பே அவருக்கு முழங்கால் போனது, அந்த சீசன் முழுக்க வெளியே. இன்னொருவர் நந்தகுமார் சேகர். சென்னை லீக், சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா என்று போய் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 2023 ஆகஸ்ட் 12, சால்ட் லேக் ஸ்டேடியம், டூரண்ட் கோப்பை. நான்கரை வருஷமாக மோகன் பகானை வெல்ல முடியாமல் தவித்த ஒரு கிளப்புக்காக அந்த மாலையின் ஒரே கோலைப் போட்டார். கொல்கத்தாவில் பாதி ஊர் தெருவுக்கு வந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒடிசாவுக்கு எதிராகவும் ஒரு கோல். தன் பழைய கிளப்புக்கு எதிராக!

நந்தகுமார் யாரிடம் ஆடிக் கற்றார்? சென்னை லீக்கில் அவரைத் துரத்திய டிஃபெண்டர்கள் யார், பக்கத்தில் ஓடி அவருக்கு இடம் திறந்துவிட்ட ஃபார்வர்டுகள் யார்? அவர்களுடைய பெயர் உங்களுக்கும் தெரியாது, கொல்கத்தாவுக்கும் தெரியாது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் பெரிய ஆட்டக்காரனாக வேண்டுமென்றால், வாரா வாரம் அவனை மோதித் தள்ள முப்பது வயது ஆள் ஒருவர் வேண்டும். டிவியில் பார்த்தோ தனியாகப் பந்தை உதைத்தோ அது வராது. கீழ் டிவிஷன் செத்தால் மேலே ஆள் வர மாட்டார்கள். சால்ட் லேக்கில் விழுந்த அந்தக் கோலில் அந்த முப்பது வயதுக்காரர்களுக்குப் பங்கு உண்டு.

பட்டதாரிப் பிள்ளைகளே, இப்போது உங்களிடம் வருகிறேன். உங்களில் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. இரண்டு வருஷ கான்ட்ராக்ட், ஆறு மாத ப்ராஜெக்ட், ஏஜென்சி மூலம் வேலை என்றுதான் பலருக்குத் தொடங்கப் போகிறது. உங்கள் அப்பாக்களுக்குக் கிடைத்த நிரந்தர வேலை உங்களுக்கு உடனே கிடைக்காது. கம்பெனி மாறுவீர்கள், சிலசமயம் கம்பெனியே மாறிப்போகும். உறவுக்காரர்கள் ‘இன்னும் செட்டில் ஆகலையா’ என்பார்கள். அந்த நேரத்தில் நம் தெருவில் இருக்கிற அந்தப் பழைய ஃபார்வர்டிடம் போய்ப் பேசுங்கள். சீசன் முடிந்ததும் கிளப் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும், மறுபடி ட்ரயல்ஸுக்குப் போய்ப் பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்பது எப்படி என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத விஷயங்களை அவர் சொல்வார்.

அவருக்கு நீங்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அதன் வாசலில் தேசியப் பதக்கம், சர்வதேசப் பதக்கம் கேட்கிறார்கள். பத்து வருஷம் லீக் ஆடியவரிடம் பதக்கம் இருக்காது, தழும்புதான் இருக்கும். நாளைக்கு நீங்கள் அந்த விதிகளை எழுதும் இடத்தில் உட்காரலாம். உட்கார்ந்தால் இவரை நினையுங்கள். முழங்கால் கிழிந்தால் பெரிய கிளப் ஆட்டக்காரருக்கு அறுவைச் சிகிச்சை உண்டு, பிசியோ உண்டு. மூன்றாவது டிவிஷன் ஆளுக்குக் கட்டுத்துணியும் தைலமும்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள், கிளப் முழுவதற்கும் சேர்த்துக் குறைந்த பிரீமியத்தில் ஒரு விபத்துக் காப்பீடு எப்படி எடுக்கலாம் என்று வந்து சொல்லுங்கள்.

இங்குள்ள சின்னக் கிளப்புகள் பணமில்லாமல் மட்டும் தடுமாறவில்லை, எழுதப் படிக்கத் தெரிந்த ஆளில்லாமலும் தடுமாறுகின்றன. இப்போது ஆட்டக்காரர் பதிவு எல்லாம் ஆன்லைனில். பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ, பழைய கிளப்பின் ஒப்புதல் என்று எல்லாவற்றையும் கெடுவுக்குள் ஏற்ற வேண்டும். ஒரு தாள் குறைந்தால் ஒரு பையனின் சீசன் போய்விடும். பி.காம். முடித்தவர்கள் ஒரு கிளப்பின் வரவு செலவை எழுதிக் கொடுக்கலாம். கணினி படித்தவர்களுக்கு இந்தப் பதிவு வேலை ஒரு மாலைப்பொழுது. ஆடத் தெரியாவிட்டாலும் விதிகளைப் படிக்கப் பொறுமை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், ரெஃப்ரி தேர்வு எழுத வாருங்கள், எங்களுக்கு ரெஃப்ரிகள் போதவில்லை.

பட்டம் வாங்கி, போட்டோ எடுத்து, வீட்டுக்காரர்களோடு சாப்பிட்டு முடித்த பிறகு வந்தால் போதும். நான் மேடைக்கு இடதுபக்கம், நூலக வாசலில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். பெயர், போன் நம்பர், என்ன வேலை தெரியும் என்று மட்டும் எழுதிவிட்டுப் போங்கள்.