ராக் ஆவணப் படங்கள்: பாட்டு யாருடையது, கணக்கு யார் பேரில்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு திரையிடல் நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராக் இசை பற்றிய ஆவணப் படங்களில் எதை எதைப் பார்க்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அறிவிப்பைப் பார்த்ததுமே ஒரு தோழர் கேட்டார்: "ஏங்க, நமக்கு இருக்கிற வேலையில அமெரிக்காக்காரன் கிதார் வாசிக்கிறதைப் பார்க்கிறதுதான் குறைச்சலா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் படப் பட்டியலுக்குள் போக முடியாது.

ராக் என்றதும் நம் மனசில் என்ன வருகிறது? நீள முடி வைத்த நாலு வெள்ளைக்கார இளைஞர்கள், கையில் மின்கிதார், எதிரே கத்துகிற கூட்டம். இந்தச் சித்திரம் தானாக வந்ததில்லை, உண்டாக்கப்பட்டது. ராக் அண்ட் ரோல் என்பது 1940களிலும் 50களிலும் கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்தும் காஸ்பலிலிருந்தும் ரிதம் அண்ட் ப்ளூஸிலிருந்தும் பிறந்த இசை. இது யாருடையது என்பது அன்றைய நிறவெறியர்களுக்கு நன்றாகவே தெரியும். 1956இல் அலபாமாவில் வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தைச் சேர்ந்தவர்கள் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளை ஜூக்பாக்ஸிலிருந்து எடுத்தெறிய வேண்டும் என்று பிரச்சாரமே நடத்தினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் பர்மிங்காம் நகரத்தில் மேடையில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோல்மீது ஏறிப் பாய்ந்து தாக்கினார்கள். அவர் ராக் பாடகர்கூடக் கிடையாது. மெல்லிய காதல் பாட்டுப் பாடுகிறவர். கறுப்பு உடம்பு மேடை ஏறியதுதான் குற்றம். ஒரு தாளம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்து அதைத் தீட்டாக்குவது எப்படி என்பதைப் பறையடித்த பரம்பரைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த இசையில் காசு கொட்டும் என்று தெரிந்ததும் என்ன நடந்தது? வங்கியில் தினமும் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று உண்டு: கணக்கு யார் பேரில் இருக்கிறது, பணத்தை எடுப்பது யார்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்ப்போம். ரசிக்கத்தான் பார்க்கிறோம், அதில் தப்பில்லை. ரசிக்கும்போதே இதையும் கேட்போம்.

முதல் படம், 'லிட்டில் ரிச்சர்ட்: ஐ ஆம் எவ்ரிதிங்'. 2023இல் லிசா கோர்டேஸ் எடுத்தது. ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரத்தில் பேருந்து நிலையத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் லிட்டில் ரிச்சர்ட். 1955இல் 'டூட்டி ஃப்ரூட்டி' பாட்டைப் பதிவு செய்கிறார். கொஞ்ச நாளில் பேட் பூன் என்கிற வெள்ளைப் பாடகர் அதே பாட்டைச் சலவை செய்து பாடுகிறார். விற்பனைப் பட்டியலில் மேலே போனது எது? பேட் பூன் பாடியதுதான். பெற்றோருக்குப் பயமில்லாத குரல், வீட்டுக்குள் விடக்கூடிய முகம். லிட்டில் ரிச்சர்டோ முகத்தில் பூச்சு, கண்ணில் மை, உயர்த்தி வாரிய முடியோடு வந்தவர். தன்பால் விழைவு கொண்டவர். நிறத்தாலும் பாலியல்பாலும் இரண்டு மடங்கு விலக்கப்பட்ட உடம்பு அது. படம் அவரைச் சாமியாக்கவில்லை. 1957இல் புகழின் உச்சியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதப் பிரசங்கத்துக்குப் போனதையும், பிற்பாடு தன் பாலியல்பைத் தானே பாவம் என்று பேசியதையும் மறைக்காமல் காட்டுகிறது. ஒடுக்கியவன் சொன்னதை ஒடுக்கப்பட்டவனே நம்பிவிடுகிற சோகம் அது. இதை நாம் பேசியே ஆக வேண்டும்.

அந்த லிட்டில் ரிச்சர்டைச் சின்ன வயசில் மேடையேற்றிப் பாட வைத்தவர் ஒரு பெண், சிஸ்டர் ரொசெட்டா தார்ப். அவரைப் பற்றி 2011இல் வந்த படம் 'தி காட்மதர் ஆஃப் ராக் அண்ட் ரோல்'. தேவாலயத்துப் பெண், மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடினார். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்து நடைமேடையில், தொலைக்காட்சிக்காக அவர் பாடிய காட்சி இருக்கிறது. எதிர் நடைமேடையில் வெள்ளைக்கார இளைஞர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிதார் ஆம்பளைச் சமாச்சாரம் என்று யார் சொன்னாலும் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். இந்த அம்மா 1973இல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். கல்லறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெயர்க்கல்கூடக் கிடையாது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 2018இல்தான்.

பெண்கள் என்று வரும்போது 2013இல் வந்த 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' படத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கன் நெவில் இயக்கியது, ஆஸ்கர் வாங்கியது. முன்னால் நிற்கிற நட்சத்திரத்துக்குப் பின்னால் நின்று பாடிய, பெரும்பாலும் கறுப்பினப் பெண்களான துணைப் பாடகிகளைப் பற்றிய படம். 1962இல் முதலிடத்துக்குப் போன 'ஹி இஸ் எ ரெபல்' பாட்டைப் பாடியவர் டார்லீன் லவ். இசைத்தட்டில் அச்சான பெயரோ 'தி கிறிஸ்டல்ஸ்' என்கிற வேறொரு குழு. பிற்பாடு இதே டார்லீன் லவ் பிழைப்புக்காக வீடு கழுவுகிற வேலைக்குப் போகிறார். ஒருநாள் வேலை பார்க்கிற வீட்டு வானொலியில் அவர் குரலே கேட்கிறது. என்ன கொடுமை பாருங்க! குரல் அவங்களுது, பேரு வேற யாருதோ, துடைப்பம் மட்டும் கையில.

இனி 1969க்கு வருவோம். அந்தக் கோடையில் உட்ஸ்டாக் என்கிற இடத்தின் பெயரில் நடந்த இசை விழாவை உலகமே அறியும். நாலு லட்சம் பேர், மழை, சேறு, சமாதானம், அன்பு. அதைப் பற்றி மைக்கேல் வாட்லி எடுத்து 1970இல் வந்த 'உட்ஸ்டாக்' படம் ஆஸ்கர் வாங்கியது. மூணு மணி நேரப் படம். பாருங்கள், நல்ல படம்தான். திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக் காட்டுகிற படத்தொகுப்பு இன்றைக்கும் புதுசாக இருக்கிறது.

ஆனால் அதே கோடையில், உட்ஸ்டாக்கிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றளவில், நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பான ஹார்லெமில் ஒரு பூங்காவில் இன்னொரு விழா நடந்தது. வார இறுதிகளில், இலவசமாக. எல்லா நாளும் சேர்த்து மூன்று லட்சம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். நினா சிமோன், ஸ்டீவி வொண்டர், பி.பி. கிங், மஹலியா ஜாக்சன், ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன். ஹால் டுல்ச்சின் என்பவர் சுமார் நாற்பது மணி நேரம் படம் பிடித்தார். அன்றைக்குத் தொலைக்காட்சியில் கொஞ்சம் காட்டியதோடு சரி, முழுப் படமாக்க யாரும் காசு போட முன்வரவில்லை. நாடாக்கள் ஐம்பது வருஷம் அடித்தளத்தில் கிடந்தன. டுல்ச்சின் 2017இல் இறந்துபோனார். 2021இல்தான் குவெஸ்ட்லவ் என்கிற இசைக்கலைஞர் அதை 'சம்மர் ஆஃப் சோல்' என்று படமாக்கினார். 2022இல் ஆஸ்கர் கிடைத்தது.

இந்தப் படத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 1969 ஜூலை 20, மனிதன் நிலவில் கால் வைத்த நாள். நாடே கொண்டாடுகிறது. பூங்காவில் ஒலிவாங்கியை நீட்டிக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் ஹார்லெமில் பசித்தவனுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்கிறார்கள் ஜனங்கள். இன்னோர் இடம்: சின்னப் பையனாக அந்த விழாவுக்குப் போன ஒருவருக்கு இந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். அவர் அழுதுவிடுகிறார். இத்தனை வருஷமும் அப்படி ஒன்று உண்மையிலேயே நடந்ததா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. வரலாறு இல்லாமல் ஆக்குவது என்றால் இதுதான். கண்ணால் கண்டவனே தன் கண்ணை நம்ப முடியாமல் போகிறான்.

அந்த விழாவுக்குப் பாதுகாப்பு கொடுத்தவர்களில் கறுப்புச் சிறுத்தைகளும் உண்டு. அவர்கள் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் எடுத்து தலித் சிறுத்தைகள் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே, "நமக்கென்ன சம்பந்தம்" என்று கேட்ட தோழருக்கு இந்தப் படத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அதே வருஷக் கடைசி, டிசம்பர் 6. கலிஃபோர்னியாவில் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச விழா. மேடைக்குக் காவல் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்கிற மோட்டார் சைக்கிள் கும்பல். ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே மெரிடித் ஹன்டர் என்கிற பதினெட்டு வயசுக் கறுப்பின இளைஞரைக் குத்திக் கொன்றார்கள். மேய்ஸல்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த 'கிம்மி ஷெல்டர்' (1970) இதைப் பதிவு செய்திருக்கிறது. பாடகர் மிக் ஜாகரைப் படத்தொகுப்பு மேசை முன்னால் உட்கார வைத்து அந்தக் காட்சியை ஓட்டி நிறுத்திக் காட்டுகிறார்கள். ஹன்டர் கையில் துப்பாக்கி தெரிகிறது, பக்கத்திலிருந்து கத்தி இறங்குகிறது. இதே படச்சுருள் நீதிமன்றத்தில் சாட்சியமானது. 1971இல் குத்தியவர் தற்காப்பு என்று விடுதலையானார்.

ஆவணப் பட வரலாற்றில் பெரிய படம் இது. மறுக்கவில்லை. ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது நமக்கு மிக் ஜாகரின் முகம் ஞாபகம் இருக்கிறது. ஹன்டர் யார், எப்படி வாழ்ந்தார் என்று எதுவும் தெரியவில்லை. விமர்சகர்கள் அறுபதுகளின் கனவு முடிந்தது என்று எழுதினார்கள். யாருடைய கனவு? செத்தவன் வெறும் குறியீடாகிவிட்டான். நம் சேரிகளில் விழுந்த பிணங்களை அடுத்த நாள் செய்தித்தாள் எப்படி எழுதும்? 'ஒருவர் பலி' என்று எழுதும். அதேதான் இது.

இதற்குப் பதில் மாதிரி 2006இல் சாம் க்ரீன் ஒரு குறும்படம் எடுத்தார். பத்து நிமிஷம்தான். பெயர் 'லாட் 63, கிரேவ் சி'. ஹன்டரைப் புதைத்த இடத்தின் எண் அது. பெயர்க்கல் இல்லாத வெறும் புல்தரை. படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது, அந்த இடத்தைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். படம் பார்த்தவர்கள் பணம் அனுப்பி, பிறகு அங்கே ஒரு கல் நடப்பட்டது. ஒரு படம் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். ஒரு கல் நட முடியும்.

மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது 'எ பேண்ட் கால்ட் டெத்' (2012). டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினச் சகோதரர்கள் மூன்று பேர், பங்க் என்ற பெயரே பரவாத 1970களின் நடுவில் அந்த மாதிரி இசையை வாசிக்கிறார்கள். வெள்ளையர் இசைக் கம்பெனிக்கு, கறுப்பர் ஏன் ராக் வாசிக்கிறார்கள் என்றே புரியவில்லை. திருடியவன் முதலாளி ஆனபின், சொந்தக்காரன் வாசலில் நின்றால் அந்நியன். குழுவின் பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். நாடாக்கள் பரணில் கிடந்தன. டேவிட் 2000இல் இறந்தார். இசைத்தட்டு வெளிவந்தது 2009இல்.

கடைசியாக 'வைட் ரயட்' (2019). ரூபிகா ஷா எடுத்தது. 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எரிக் கிளாப்டன் மேடையிலிருந்து குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். ப்ளூஸ் வாசித்துப் பேர் வாங்கியவர், பாப் மார்லியின் பாட்டைப் பாடி முதலிடத்துக்குப் போனவர்! ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் பத்திரிகைக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து 'ராக் எகென்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. அவர்கள் 'டெம்பரரி ஹோர்டிங்' என்று ஒரு சிறுபத்திரிகை நடத்தினார்கள். கத்தரித்து ஒட்டி அச்சடித்தது, நம்ம பத்திரிகை மாதிரிதான். 1978 ஏப்ரல் 30 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக விக்டோரியா பூங்காவுக்குப் போனார்கள். கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் வாசித்தார்கள். பல்லாயிரக்கணக்கில் கூட்டம். 1979 தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் கட்சி மண்ணைக் கவ்வியது. ஆனால் அதே தேர்தலில் ஆட்சிக்கு வந்தவர் தாட்சர். இசை தெருவை மீட்டுக் கொடுத்தது, ஆட்சியை மாற்றவில்லை. படம் இந்த இரண்டாவது பகுதியை அதிகம் தொடவில்லை. நாம் தொட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? எல்லாம் இணையத்தில்தான். சில படங்கள் ஓடிடி தளங்களில் இருக்கும், சிலவற்றை வாடகைக்கு எடுக்கலாம். தளம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் படத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு தேடுங்கள். தனியாகக் கைபேசியில் பார்க்காதீர்கள். ஐந்து பேராவது சேர்ந்து பாருங்கள், ஒலிபெருக்கி நல்லதாக இருக்கட்டும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாது, எழுத்தை ஓட விடுங்கள். இங்கிலீஷ் தெரிந்த தோழர் நடுநடுவே நிறுத்திச் சொல்லட்டும். 'உட்ஸ்டாக்'கையும் 'சம்மர் ஆஃப் சோல்'லையும் அடுத்தடுத்த நாளில் போடுங்கள். 'கிம்மி ஷெல்டர்' போட்டால் கையோடு அந்தப் பத்து நிமிஷப் படத்தையும் போடாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். நாம் நடத்துகிற கலை இரவுகளை, இரங்கல் கூட்டங்களை, பாட்டுக்காரர்களை இன்றைக்கு எல்லாரும் கைபேசியில் பிடிக்கிறோம். மூணு மாசத்தில் அழித்துவிடுகிறோம், அல்லது கைபேசியோடு தொலைத்துவிடுகிறோம். பாடியவர் பெயர்கூட எழுதி வைப்பதில்லை. ஹார்லெம் நாடா பிழைத்தது, யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான். ஊர், தேதி, பாடியவர் பெயர், அடித்தவர் பெயர், இந்த நாலையும் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு தோழர் இதற்குப் பொறுப்பெடுக்க வேண்டும். யார் எடுக்கிறீர்கள் என்று கூட்டம் முடிவதற்குள் கை தூக்குங்கள், பெயரை எழுதிக்கொண்டுதான் போவேன்.